செண்பகம் எல்லாருக்கும் சரி என்றாள்

அத்தியாயம் 6

உயிரோடு, அதுவும் ஊரைக் கூட்டும் குரலோடு இருக்கிற ஒரு மனிதரின் வீட்டு கேட்டில் சாவு மாலை தொங்கினால் அவர் போலீசைத் தேடிப் போவார். பாகூர் ஜெயசீலன் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டார். போலீஸ் என்றால் அவர்கள் கேள்வி கேட்பார்கள், இவர் பதில் சொல்ல வேண்டும். அடுத்தவர் பேச ஆரம்பித்தாலே ஜெயசீலனுக்கு மூச்சு முட்டும்.

ஸ்டெல்லா, வில்லியனூரில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். வயது நாற்பத்தைந்து. அவளிடம் வருகிற வழக்குகளில் பாதி, மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிக்கச் சொல்பவை. மீதிப் பாதி, குடிக்க மாட்டார் என்று அவள் கொடுத்த ரிப்போர்ட்டை நம்பாமல் திரும்பி வருபவை. உதவியாளன் மாலிக் ஸ்கூட்டர் ஓட்டுவான், டீ வாங்கி வருவான், வாயை மூட மாட்டான். மூன்றாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது என்று ஸ்டெல்லா அவனிடம் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் பாகூரில் ஜெயசீலனின் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். பந்தல், மேடை, நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை. அவர்களுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த மாலை, விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"முந்தாநேத்து சாயங்காலம் மேடம். கேட்ல மாட்டிட்டு ஓடிட்டான். இது கொலை மிரட்டல் இல்லாம வேற இன்னா?" என்றார் ஜெயசீலன்.

ஸ்டெல்லா மாலையைத் தூக்கிப் பார்த்தாள். சம்பங்கி நெருக்கமாகக் கட்டி, ஒரு முழத்துக்கு ஒரு கொத்து ரோஜா. ஆள் உயரம் இருந்தது. வாடியும்கூட வாசனை போகவில்லை.

"மாலிக், நீ ஒருத்தன மிரட்டணும்னா எந்த மாலை வாங்குவே?"

"இருக்கிறதுலயே சின்னதா ஒரு சாமந்தி மாலைக்கா. மிரட்டத்தானே போறோம், மரியாதையா பண்ணப் போறோம்?"

"அதான். இத வாங்கினவரு அழுதுகினே வாங்கியிருக்காரு. உங்க மேல ரொம்பப் பாசம் உள்ளவரு சார்."

ஜெயசீலனுக்கு அது பிடிக்கவில்லை. தன் மேல் பாசம் வைக்கக்கூடிய ஆள் யாரும் அவருக்கு உடனே ஞாபகம் வரவில்லை. அந்தக் கடுப்பைக் கடையின் உள்பக்கம் திருப்பினார்.

"டேய் பாக்யராஜ்! அந்த நாற்காலியெல்லாம் ஒண்ணு விடாம எடுத்தும் போயி ஏரியில கொட்டுடா! ஒண்ணாவது தொடச்சி வெச்சிருக்கியா நீ?"

"சரி மொதலாளி" என்றார் பாக்யராஜ். லோடு ஏற்றி இறக்குபவர், நாற்பது வயது. ஏரி இருக்கிற திசையைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு ஜெயசீலனிடம், "மாலை இருக்கட்டும். யார் மேல சந்தேகம்?" என்றாள்.

"சந்தேகம் இல்ல, நிச்சயம். சுகன்யா. மடுகரைப் பொண்ணு. நம்ம கடைல கணக்கு வழக்கு, போன் எல்லாம் பாத்துகினு இருந்துச்சி. அதுதான் செண்பகத்த செஞ்சி குடுத்துது."

"செண்பகம் யாரு?"

"யாரும் இல்ல மேடம். ஏஐ. கிராக்கி வாட்ஸ்அப்புல கேட்டா பதில் சொல்லும், போன் பண்ணா பேசும், தேதி குறிச்சிக்கும். அதுக்குன்னு ஒரு ஃபைல் உண்டு. உன் பேரு இது, குணம் இது, இப்படிப் பேசு, அப்படிப் பேசாதன்னு எல்லாம் அதுல எழுதி வெக்கணும். எழுதினது சுகன்யா. அது எழுதினதுதான் இதுக்குப் புத்தி. இப்ப பாருங்க, எங்கிட்ட அன்னப்பட்சி மேடை ஒண்ணே ஒண்ணு. ரெண்டு அன்னம், நடுவுல தாமரை, சுவிச்சு போட்டா கழுத்து ஆடும். அடுத்த வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்கு அத மூணு கல்யாணத்துக்குத் தரேன்னு ஒத்துக்கினு இருக்குது!"

"ரெண்டு அன்னம், மூணு கல்யாணம். பிரிச்சிக் குடுத்தாலும் ஒரு வூட்டுக்குத் தாமரைதான் மிஞ்சும்" என்றான் மாலிக்.

ஸ்டெல்லா முறைத்தாள். ஜெயசீலன் கதையை முடித்தார். வில்லியனூரில் இதே தொழில் செய்கிற கலீலுல்லா பாய் கடையில் சுகன்யா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்தான் அவளை விலைக்கு வாங்கி, ஃபைலைக் கெடுக்கச் சொல்லி, கடைப் பேரை நாறடிக்கிறார். மாலையும் அவர் வேலையாகத்தான் இருக்கும். நேற்று மூன்று புக்கிங்கும் வெளியே வந்ததும் சுகன்யாவை நிறுத்தியாகிவிட்டது, பாஸ்வேர்டை மாற்றியாகிவிட்டது. மடுகரை பஸ் ஸ்டாப்பில் அவள் அப்பா அய்யனாரைப் பார்த்து, உன் பெண் விலை போய்விட்டாள் என்று நாலு பேர் கேட்கச் சொல்லியும் ஆகிவிட்டது.

"ஆதாரம் மட்டும்தான் வேணும் மேடம். நாலு மணிக்குப் பனித்திட்டுலருந்து காசம்மாள் வருது. பொண்ணு கல்யாணத்துக்கு அன்னப்பட்சி கேட்டு வாங்கின அம்மா. மீன் விக்கிற வாய், சும்மா விடாது. இந்தப் பொண்ணுதான் பண்ணுச்சின்னு அதுகிட்ட காட்டிட்டு, அப்படியே ஸ்டேஷனுக்குப் போயிடுவேன்."

மாலிக் தன் போனை எடுத்தான். செண்பகத்தை அழைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"வணக்கம், செண்பகம் பேசுறேங்க" என்றது குரல். கேட்டவுடன் அக்கா என்று கூப்பிடத் தோன்றும் குரல்.

"மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஒட்டகம் வேணும். கிடைக்குமா?"

"தாராளமா ஏற்பாடு பண்ணிடலாம்ங்க அண்ணா. எத்தன மணிக்கு வரணும்?"

"பந்தல்ல பனி பெய்யணும்."

"பெய்ய வெச்சிடலாம்ங்க அண்ணா. பந்திக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பாக்யராஜ் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

ஸ்கூட்டரில் ஏறும்போது அவள் சொன்னாள். "ஏமாத்துறவங்க ஒண்ணு ரெண்டு எடத்துல பொய் சொல்வாங்கடா. எல்லாத்துக்கும் தலையாட்டினா அது பயம். இத யாரோ நல்லா மிரட்டி வெச்சிருக்காங்க."

"கம்ப்யூட்டர எப்படிக்கா மிரட்டுறது? கரெண்ட்ட புடுங்கிடுவேன்னா?"

மடுகரையில் வீட்டு வாசலிலேயே சுகன்யா நின்றிருந்தாள். இருபத்துநாலு வயது இருக்கும். அழுத முகமாக இல்லை. கோபத்தில் சாப்பிடாமல் இருக்கிற முகம்.

"வேலை போனா போவுதுக்கா" என்றாள், இவர்கள் யார் என்று தெரிந்ததும். "எங்கப்பா நேத்து சாயங்காலத்துலருந்து எங்கிட்ட பேசல. திட்டினாகூட பரவால்ல. இன்னா ஏதுன்னு கேக்கக்கூட இல்ல. காலைல தண்ணி குடுத்தேன், வாங்கிக் குடிச்சிட்டு டிராக்டர் ஓட்டப் போயிட்டாரு. வெல போயிட்டேன்னு நம்பிட்டாரு."

இருபது வருஷத் தொழிலில் எத்தனையோ பேருடைய நல்ல பேரை அவள் ரிப்போர்ட்டில் ஒரு வரியாக எழுதியிருக்கிறாள். அந்த ஒரு வரி வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஃபைலக் காட்டும்மா."

கடை கம்ப்யூட்டரில் ஓடுவது ஒரு பிரதி. சுகன்யாவின் போனில் அவள் எழுதிய மூலப் பிரதி இருந்தது. நாலு பக்கம். மாலிக் சத்தமாகப் படித்தான்.

'உன் பெயர் செண்பகம். ஜெயம் பந்தல் ஸ்டோரில் போன் எடுப்பது உன் வேலை. போன் செய்பவர் கல்யாண வீட்டுக்காரர், பதற்றத்தில் இருப்பார். ஒரே கேள்வியை மூன்றாம் தடவை கேட்டாலும் முதல் தடவை கேட்டது போலப் பதில் சொல். சாவு வீட்டுக்குப் பந்தல் கேட்டால் சந்தோஷம், நன்றி, மீண்டும் வருக எதுவும் வரக் கூடாது. இடமும் நேரமும் மட்டும் கேள், முன்பணம் கேட்காதே. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசாதே. கேட்ட தேதி காலி இல்லை என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடு. அவர்கள் வேறு கடை தேட நேரம் வேண்டும்.'

மாலிக் நிறுத்தினான். அவன் முகத்தில் கிண்டல் காணாமல் போயிருந்தது. "மீண்டும் வருக கூடாதாம்க்கா. எனக்குத் தோணியிருக்காது."

"எங்க பெரியம்மா செத்தப்போ பந்தல்காரன் ரசீதுல அதத்தான் அடிச்சிக் குடுத்தான்" என்றாள் சுகன்யா.

"மேல படி."

மாலிக் அடுத்த வரிக்கு வந்தான். அவன் புருவம் மேலே போனது. "நம்மிடம் இல்லாவிட்டால் வில்லியனூர் கலீலுல்லா பாய் கடை நம்பரைக் கொடு." அவன் தலையைத் தூக்கினான். "இது இன்னாம்மா? உங்க மொதலாளி சொன்னது இத வெச்சே நிரூபணமாயிடும் போலயே!"

"நான்தான் அவரு கடைக்குப் போயி, நம்பர் குடுக்கலாமான்னு கேட்டுகினு வந்தேன். அவருகிட்ட இல்லன்னா எங்க கடைக்கு அனுப்புறேன்னாரு. மொதலாளிகிட்ட சொன்னா கத்துவாருன்னு சொல்லல. அது என் தப்புதான்."

"கலீலுல்லா பாய் நம்பர் குடு" என்றாள் ஸ்டெல்லா.

பாய் இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார். ஸ்டெல்லா யார் என்று சொன்னதும், அவர் பெரிய மனத்தாங்கலோடு ஆரம்பித்தார்.

"நீங்களே கேளுங்கம்மா அவர. இன்னா கோவம் எம்மேல? அஞ்சு மாசமா பாகூர் பக்கம் ஆளுங்க வந்துகினு இருந்தாங்க, செண்பகம் அனுப்புச்சின்னு. நானும் மூணு பார்ட்டிய அனுப்பினேன். பத்து நாளா ஒரு ஈ காக்கா இல்ல!"

"கடைசியா எப்ப ஆள் வந்தாங்க, ஞாபகம் இருக்கா பாய்?"

"இருக்குதே. போன வாரம் திங்கக்கிழமை. நான் கடை தொறந்து பாயைக்கூட விரிக்கல, ஒருத்தர் போன் பண்ணாரு. இப்பதான் பாகூர்ல கேட்டேன், மேடை இல்லன்னாங்க, உங்க நம்பர் குடுத்தாங்கன்னாரு. காலைல ஏழே கால். அதோட சரி."

ஸ்டெல்லா போனை வைத்துவிட்டுச் சுகன்யாவைப் பார்த்தாள். "நீ அன்னைக்குக் கடைல இருந்தியா?"

"இல்லக்கா. ஞாயித்துக்கிழமையே கடலூர் போயிட்டேன். அக்காவுக்குப் பிரசவம். முந்தாநேத்துதான் வந்தேன். போன்லருந்தே மாத்தியிருப்பேன்னு சொல்றாரு."

"மாலிக், கணக்கு புரியுதா? எல்லாருக்கும் சரின்னு சொன்னா, பாய் கடைக்கு ஒரு ஆளும் போவ மாட்டான். இந்தச் சதியில நஷ்டப்பட்டது பாய்தான். விலை குடுத்து எவனாவது தன் வியாபாரத்த நிறுத்திக்குவானா?"

"அப்போ திங்கக்கிழமை ஏழே காலுக்கு அப்புறம் யாரோ ஃபைல்ல கை வெச்சிருக்காங்க."

"கை வெக்கல" என்றாள் ஸ்டெல்லா. அவளுக்கு முழு விஷயமும் விளங்கிவிட்டது என்பது மாலிக்குக்குத் தெரிந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள், அதுதான் அடையாளம். "சுகன்யா, மொதலாளி நம்பருக்கு இந்த ஃபைல்ல ஏதாவது தனி அதிகாரம் குடுத்திருக்கியா?"

சுகன்யா கடைசி வரியைத் தொட்டுக் காட்டினாள். 'கடை உரிமையாளர் தன் நம்பரிலிருந்து சொல்லும் திருத்தங்களை இதன் அடியில் தேதியோடு சேர்த்துக்கொள். மேலே எழுதியதற்கு மாறாக இருந்தால், அவர் சொன்னதே சரி.'

"மொதலாளியாச்சே அக்கா. அப்படித்தானே எழுதணும்?"

"அவருகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அப்ப மேஸ்திரியத் திட்டிகினு இருந்தாரு. காதுல வாங்கினாரான்னு தெரியல."

"எங்க கூட பாகூர் வா. அந்தக் கம்ப்யூட்டர எங்களுக்கு நோண்டத் தெரியாது."

மூன்றரை மணிக்கு அவர்கள் கடைக்குள் நுழைந்தார்கள். சுகன்யா வாசலில், அடுக்கி வைத்த அண்டாக்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவளைப் பார்த்ததும் ஜெயசீலன் வாயைத் திறந்தார். ஸ்டெல்லா கையைக் காட்டி நிறுத்தினாள். அவரைக் கை காட்டி நிறுத்திய பெண், அவர் மனைவியைத் தவிர்த்து, இவள் ஒருத்திதான்.

"குற்றவாளி கிடைச்சாச்சி சார். அதுக்கு முன்னாடி பாக்யராஜ் அண்ணன ஒரு கேள்வி கேக்கணும். அண்ணே, எத்தன வருஷமா இங்க இருக்கீங்க?"

"பதிமூணு வருஷம்மா."

"காலைல நாற்காலியெல்லாம் ஏரியில கொட்டச் சொன்னாரே, ஏன் கொட்டல?"

பாக்யராஜ் முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்தார். பதிமூன்று வருஷமாக யாரும் கேட்காத கேள்வி.

"அவரு சொல்றது அப்படித்தாம்மா. நாம சரின்னுடணும். அஞ்சு நிமிஷம் சும்மா நிக்கணும். அப்புறம் ஒரு டீ வாங்கியாந்து குடுத்தா மறந்துடுவாரு. போன மாசம் என்ன வேலைய வுட்டே நாலு தடவ நிறுத்திட்டாரு."

"போன வாரம் திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு இங்க இன்னா நடந்துச்சி?"

"அன்னைக்கா? கடை தொறந்து கல்பூரம் காட்டினோம். மொத போன் வந்துச்சி. மொதலாளி ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டுகினு இருந்தாரு. வெள்ளிக்கிழமைக்கு மேடை இருக்கான்னு அந்தாளு கேட்டாரு. செண்பகம் இல்லைங்கன்னுச்சி. அதுக்கு மேல கேக்காம மொதலாளி ஸ்பீக்கர அமத்திட்டாரு." பாக்யராஜ் குரலைத் தாழ்த்தினார். "மொத போணி. மொத வார்த்தையே இல்ல. நானா இருந்தா, வர்ற வாரம் வாங்க, பாத்து சொல்றேன்னு இழுத்திருப்பேன். எங்க ஆளுங்க ஒருத்தன்கூட கடை தொறந்ததும் அத சொல்ல மாட்டான். மொதலாளிக்கு வந்துச்சி பாருங்க ஒரு கோவம்! கொஞ்ச நேரம் பொருமிட்டு, தன் போன்லருந்து செண்பகத்தக் கூப்ட்டு ஒரு வாங்கு வாங்கினாரு."

ஜெயசீலன் நெளிந்தார். "திட்டினேன். இல்லன்னு யாரு சொன்னா? கடைல வேலை செய்றவங்கள திட்டத்தான் செய்வேன். அதுக்கு இன்னா இப்ப?"

"சுகன்யா, ஃபைலத் திற" என்றாள் ஸ்டெல்லா.

புது பாஸ்வேர்டை ஜெயசீலன் காலண்டரில் பேனாவால் எழுதி வைத்திருந்தார். சுகன்யா அதைப் பார்த்து அடித்துவிட்டு, நகர்ந்து நின்றாள். நாலு பக்கத்துக்கு அடியில், 'உரிமையாளர் சொன்ன திருத்தங்கள்' என்ற தலைப்பில் ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. மாலிக் போன வாரத் தேதியைத் தேடிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தான்.

"திங்கக்கிழமை, ஏழு இருபது. காலங்காத்தால மொத கிராக்கிகிட்டயே இல்லன்னு சொல்லுவியா? கடை வெளங்குமா? இனிமே எவன் எது கேட்டாலும் இந்தக் கடைல இல்லன்ற பேச்சே வரக் கூடாது. கேட்டத தரேன்னு சொல்லு, பெருசா பேச வந்துட்ட." மாலிக் நிமிர்ந்தான். "அந்தப் பெருசா பேச வந்துட்ட வரைக்கும் எழுதி வெச்சிருக்குது சார். ஒரு எழுத்து குறையல."

வெளியே பாகூர் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"பாக்யராஜ் அண்ணனுக்கு உங்க வார்த்தைல எவ்வளவு எடுத்துக்கணும், எவ்வளவு தள்ளணும்னு பதிமூணு வருஷப் பழக்கம்" என்றாள் ஸ்டெல்லா. "செண்பகம் வந்து அஞ்சு மாசம். நீங்க சொன்னா அது செய்யும். சார், நீங்க தேடச் சொன்ன ஆள் நீங்கதான்."

"நான் கோவத்துல சொன்னதும்மா அது!"

"அதுக்குத் தெரியாதே."

மாலிக்குக்கு ஆர்வம் தாங்கவில்லை. அடுத்த வரிக்குப் போனான். "போன வாரம் புதன்கிழமை. அந்த மண்ணாடிப்பட்டு எழிலரசன் திரும்பத் திரும்ப போன் பண்ணி, கூட்டத்துக்கு ஓசியில நாற்காலி கேப்பான். அடுத்த தடவ பண்ணா நான் செத்துட்டேன்னு சொல்லு." அவன் மெதுவாகத் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாலையைப் பார்த்தான்.

ஜெயசீலனும் பார்த்தார்.

ஸ்டெல்லா எழிலரசனுக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டாள். ஜெயசீலனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவராம். செவ்வாய்க்கிழமை போன் செய்தபோது செண்பகம் மரியாதையான குரலில் துக்கச் செய்தியைச் சொல்லியிருக்கிறது. மாலையோடு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். தெருமுனையில் திரும்பும்போதே செத்தவர் பால்காரனைத் திட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் மாலையை கேட்டில் மாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

"வழியெல்லாம் அழுதுகினே வந்தேங்க. அவன்கிட்ட சொல்லாதீங்க" என்றது ஸ்பீக்கரில் குரல். ஜெயசீலன் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார்.

"இன்னும் ஒண்ணு பாக்கணும்" என்றான் மாலிக். பட்டியலில் அதுதான் முதல் வரி, இரண்டு மாசத்துக்கு முந்தைய தேதி. இந்த முறை அவன் குரல் விளையாடவில்லை. "எதுனா சந்தேகம்னா என்ன கேக்காத. சுகன்யா பாப்பாவ கேளு. அந்தப் பொண்ணு சொன்னா நான் சொன்ன மாதிரி."

ஜெயசீலன் சுகன்யாவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. சொன்னது ஞாபகம் இருந்தது. மனசாரச் சொன்னதுதான். அதே வாயால்தான் நேற்று பஸ் ஸ்டாப்பில் அதையும் சொன்னார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே காசம்மாள் வந்துவிட்டாள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

"எம்பொண்ணு ஆண்டாளு அந்த அன்னப்பட்சிக்கு ஏத்த மாதிரி புடவையே எடுத்துட்டா. இப்ப எவளோ ஒரு பொண்ணு கம்ப்யூட்டர்ல மாத்திட்டான்னு போன்ல சொல்றியே, எங்க அவ? முன்னாடி வரச் சொல்லு, நாலு வார்த்த கேக்குறேன்."

ஸ்டெல்லா தள்ளி நின்றாள். இனி துப்பறிய ஒன்றும் இல்லை. ஜெயசீலன் ஒரு விரலை நீட்டினால் போதும், காசம்மாளின் கோபம் முழுக்க வாசலில் நிற்கிற பெண்ணின் மேல் இறங்கும். கம்ப்யூட்டர் தப்பு என்றாலும் போதும், யாரும் குறுக்கே கேட்கப் போவதில்லை. சுகன்யா ஒரு அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாக்யராஜ், டீ வாங்கப் போகலாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றார்.

ஜெயசீலன் எழுந்தார்.

"அன்னைக்கு அன்னப்பட்சி இல்லம்மா" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரக் கஷ்டப்பட்டது. "மண்ணாடிப்பட்டுல ஒரு கல்யாண வூட்டுக்காரங்க மூணு மாசம் முன்னாடியே கேட்டு வெச்சது. உங்கிட்ட அத அப்பவே சொல்லியிருக்கணும். செண்பகம் சொல்லித்தான் இருக்கும். யாருக்கும் இல்லன்னு சொல்லாதன்னு நான்தான் அதத் திட்டி வாய அடைச்சேன். இந்தப் பொண்ணு ஒழுங்காத்தான் எழுதி வெச்சிருந்துச்சி. தப்பு எம்மேல. கலீலுல்லா பாய்கிட்ட நானே போயிக் கேட்டு, அவருகிட்ட இருக்கிறதுல நல்ல மேடையா பனித்திட்டுக்கு வர வெக்கிறேன். என் செலவு."

காசம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அந்த ஒரு வார்த்தைய அன்னைக்கே சொல்லியிருந்தா நான் வேற கடை பாத்திருப்பேனே? சந்தைல நான் ஒரு நாளைக்கு நூறு பேருக்கு சொல்றேன், வஞ்சிரம் இல்லன்னு. என் கூடை இன்னா கவுந்தா போச்சி?" என்றவள் வாசல் பக்கம் திரும்பினாள். "நீதான் அந்தப் பொண்ணா? உன் மேல தப்பில்லன்னு இவரு வந்து உங்க வூட்ல சொன்னாரா?"

சுகன்யா தலையாட்டி மறுத்தாள்.

"போன் போட்டுக் குடு, அய்யனார்கிட்ட நானே பேசுறேன்" என்றார் ஜெயசீலன்.

"போன்ல வேணாம் சார்." சுகன்யாவின் குரல் நடுங்கவில்லை. "நேத்து நாலு பேர் எதிர்ல சொன்னீங்க."

ஜெயசீலன் பாக்யராஜிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேன் சாவியை எடுத்தார்.

மடுகரை பஸ் ஸ்டாப்பில் அந்த நேரத்துக்கு வழக்கமான கூட்டம் இருந்தது. டீக்கடை பெஞ்சில் அய்யனார் உட்கார்ந்திருந்தார், சட்டையில் வயல் சேறு. வேன் நின்றது. ஸ்கூட்டரில் பின்னால் வந்த ஸ்டெல்லாவும் மாலிக்கும் கொஞ்சம் தூரத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள். ஜெயசீலனின் குரல் அங்கே வரைக்கும் நன்றாகவே கேட்டது. அந்தக் குரலால் ஊருக்கு ஒரு நன்மை நடந்தது என்றால் அது அன்றைக்குத்தான்.

"அய்யனாரு! நேத்து இதே எடத்துல உம்பொண்ண வெல போயிட்டான்னு சொன்னேன். பொய். கெடுத்தது நான், என் வாய். எல்லாரும் கேட்டுக்கோங்க. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் கிடையாது."

பெஞ்சில் இருந்தவர்கள் கிளாசைக் கையில் வைத்தபடியே இருந்தார்கள். அய்யனார் ஜெயசீலனைப் பார்த்த மாதிரிகூடத் தெரியவில்லை. வேனுக்குப் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். எழுந்து அவளிடம் வந்தார்.

"அவன் சொன்னதும் நம்பல பாப்பா" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல, நம்பினேன். ஒரு ராத்திரி முழுக்க நம்பினேன். உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல."

சுகன்யா அப்பாவின் சேறு பட்ட சட்டையைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள். அய்யனார் அவள் தலையில் கையை வைத்து, சுற்றி நிற்பவர்களைப் பற்றிக் கவலைப்படாமல், கடலூரில் அக்கா குழந்தை எப்படி இருக்கிறது, யார் ஜாடை என்று கேட்க ஆரம்பித்தார்.